முகந்தெரியா எதிராளி

பாலமுனையில் நோன்பு மாதத்து இரவுகளுக்குத் தனியானதோர் உயிர்ப்பு உண்டு. தராவீஹ் தொழுகை முடிந்து ஆடவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது இரவு ஒன்பதரை மணியாகிவிடும். கிழக்கே கடல் இரைந்துகொண்டிருக்கும். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு மின்குமிழ் தொங்கும். அதன் கீழே ஒரு கரம் பலகை. பலகையைச் சுற்றி நால்வர் இருந்து ஆட, இருபது பேர் நின்று பார்ப்பர். கச்சான் கொறிப்போர் சிலர்; பிளேன்ரீக் கோப்பையுடன் நிற்போர் சிலர்; ஆடுவோரைவிட ஆட்டத்தை நன்கு அறிந்தவர் போலப் புத்தி சொல்வோர் பலர். இக்கடைசி வகையினரில் நானும் ஒருவன் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

நான் பிறந்தது தெற்கே தம்பிலுவிலில், ஒரு சைவக் குடும்பத்தில். இப்பகுதிக் கல்லூரியொன்றில் கணிதம் கற்பிக்கும் உத்தியோகம் கிடைத்தபோது பாலமுனையில் ஒரு வாடகை வீடு பார்த்துக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அயல் வளவில் இருப்பவர் எழுபது வயதை எட்டிய ஒரு முன்னாள் தையற்காரர். ஒழுங்கையில் எல்லாரும் அவரைக் "காக்கா" என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். அவரோ என்னைச் "சேர்" என்கிறார். வயதில் மூத்தவர் அப்படி அழைப்பது எனக்குக் கூச்சமாயிருக்கிறது; ஆனால் அதை மாற்ற நான் செய்த முயற்சிகள் யாவும் தோற்றன.

காக்காவின் வாசலிலுள்ள பலகையே எங்கள் ஒழுங்கையின் அரங்கம். ஓர் இரவு, பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் வெகு அழகாகச் சிவப்புக் காயை மூலைப் பைக்குள் விழுத்தினான். அதனைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் விழுத்தினாலன்றிச் சிவப்பு அவனுக்குச் சேராது என்பதைக் கரம் ஆடியவர் அறிவர். அந்த அடி தவறியது. எதிரே இருந்தவன் சிரித்தான். பொடியனுக்கு வந்த கோபத்தில் பலகையை ஓங்கி ஓர் அறை அறைந்தான். காய்கள் எல்லாம் துள்ளிச் சிதறின. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காக்கா எழுந்து வரவில்லை. கதிரையில் இருந்தபடியே, "மகன், பலகை உனக்கு என்ன செஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

பொடியன் நிமிர்ந்து பார்த்தான். இருபது சோடிக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. குனிந்து மண்ணில் விழுந்திருந்த காய்களைப் பொறுக்கினான். அவற்றைச் சாரத்தில் துடைத்தான். நடுவட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினான். மாவையும் தானே தூவினான். அவ்வளவில் வழக்கும் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிட்டன. மறு ஆட்டம் தொடங்கியது.

நான் எழுத வந்தது கரம் ஆட்டத்தைப் பற்றியன்று. அந்த இருபது சோடிக் கண்கள் இல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றி.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதம் 20ஆம் திகதி நாட்டில் ஊரடங்கு அமுலுக்கு வந்தபோது என் மகளுக்கு வயது எட்டு. பாடசாலை இல்லை; ஒழுங்கையில் விளையாட்டும் இல்லை. என் இளமைக் காலத்துச் சதுரங்கப் பலகையை அலுமாரியின் மேலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். குதிரையின் நடையை அவள் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டாள். மூன்று மாதத்தில் தாயை வென்றாள். தாய் மகளுக்காக ஆட்டத்தைப் படித்தவள்; தோற்றதில் அவளுக்கு வருத்தமில்லை. ஓர் ஆண்டு கழிந்து என்னையும் வென்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வீட்டில் எதிராளிகள் தீர்ந்துபோனபின், கைத்தொலைபேசி வழியாக இணையத்தில் எதிராளி தேட வேண்டியதாயிற்று.

இணையத்தில் எதிராளிக்கா பஞ்சம்! 2007இல் தொடங்கிய செஸ்.கொம் என்னும் தளத்தின் அங்கத்தவர் தொகை 2022இன் முடிவில் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. 2010இல் திபோ டுப்பிளெஸி என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய லீசெஸ் என்னும் தளமோ முற்றிலும் இலவசம், விளம்பரங்கூட இல்லை, அன்பர்களின் நன்கொடையில் நடந்துவருகின்றது. பொத்தானை அழுத்தினால் சில விநாடிக்குள் உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் எதிரே வந்து அமர்கிறார். அமர்கிறார் என்பது பேச்சுக்குத்தான். வருவது ஒரு புனைபெயர், ஒரு நாட்டுக் கொடி, ஓர் எண். அவருக்கு நாமும் அவ்வளவே.

அந்த எண்ணைப் பற்றிக் கணித ஆசிரியன் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்ப்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் எண்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கொண்டு யார் எத்தனை வீதம் வெல்லக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறை அது. வித்தியாசம் 200 ஆயின், நூறு ஆட்டத்தில் வல்லவருக்கு ஏறத்தாழ 76 புள்ளி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தபடி வென்றால் எண் சிறிதே ஏறும். எதிர்பாராமல் தோற்றால் வெகுவாக இறங்கும். இணையத் தளங்கள் இம்முறையின் திருந்திய வடிவங்களைக் கையாளுகின்றன. கணக்கு அழகானது. ஆனால், ஒரு மனிதனின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை ஒட்டிவைத்து, ஒவ்வொரு தோல்விக்கும் அதில் எட்டையோ பத்தையோ குறைத்துக் காட்டினால் அவன் எப்படி மாறுவான் என்பதை அந்தக் கணக்குச் சொல்லாது. எட்டுப் புள்ளி குறைந்ததற்காக ஓர் இரவு முழுவதும் உறங்காதிருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். நாள்தோறும் அவருக்கு நான்தான் முகம் வழிக்கிறேன்.

மரியாதை கெட்ட எதிராளிகள் பலவகை. தோல்வி நிச்சயம் என்று கண்டவுடன் ஆட்டத்தை ஒப்புக்கொடுக்காமலும் காயை நகர்த்தாமலும், கடிகாரத்தில் மிஞ்சிய எட்டு நிமிடத்தையும் ஓடவிட்டு நம்மைக் காக்கவைப்பவர் ஒரு வகை. நகர்த்தலுக்கு நகர்த்தல் "சமநிலையா, சமநிலையா" என்று கேட்டு நச்சரிப்பவர் இன்னொரு வகை. எதிராளியை எவ்விதத்திலும் தொந்தரவு செய்யலாகாது. நியாயமின்றிச் சமநிலை கேட்டுக்கொண்டிருப்பதும் தொந்தரவே என்று சம்மேளனத்தின் விதி கூறுகின்றது. அதைக் கவனிக்க மண்டபத்தில் நடுவர் இருக்கிறார். நள்ளிரவில் படுக்கையறையில் எந்த நடுவர் இருக்கப் போகிறார்? தோற்றவுடன் "நீ கள்ளன், கணினியைப் பார்த்து ஆடுகிறாய்" என்று எழுதுபவர் மூன்றாவது வகை. இதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷமும் உண்டு. என் ஆட்டத்தைக் கணினியின் ஆட்டம் என்று நினைப்பவனைவிட என்னைப் புகழ்ந்தவர் யாருமில்லை.

ஆயினும், முரட்டுத்தனம் என்று நாம் எண்ணுவது எல்லாம் முரட்டுத்தனந்தானா என்ற ஐயம் எனக்கு 2022இல் உண்டாயிற்று. அவ்வாண்டு பங்குனி மாதத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மாத முடிவில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. ஒரு நாள் நான் தோல்வியின் விளிம்பில் நின்று, எந்தக் காயை நகர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து மின்சாரம் போயிற்று. இணைப்புப் பெட்டி அணைந்தது. தொலைபேசிக் கோபுரத்தின் சமிக்ஞையும் சற்று நேரத்தில் நின்றது. நான்கு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது அவர் எழுதிவைத்திருந்த ஒரே சொல், "கோழை". அவர் பக்கமிருந்து பார்த்தால் வேறென்ன தெரிந்திருக்கும்? தோற்கும் தறுவாயில் கடிகாரத்தை ஓடவிட்டு ஒளிந்துகொண்ட ஒருவன். பாலமுனை இருட்டில் நுளம்பு அடித்துக்கொண்டிருந்த என்னை அவர் எப்படி அறிவார்? அதற்கு முன் நான் எத்தனை பேரை அதே சொல்லால் மனத்துக்குள் வைதிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் வீட்டிலும் ஏதேனும் அணைந்திருக்கலாம்.

வசை நமக்குப் புதிதன்று. கண்ணகியம்மன் வழிபாட்டோடு எங்கள் பகுதியில் வழங்கிவந்த கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த கட்சியை மற்றக் கட்சி பாட்டாலேயே தோலுரித்துவிடும். ஆனால் பாடுகிறவன் யார் என்று கேட்கிறவனுக்குத் தெரியும். அவன் மைத்துனனாயிருப்பான், அல்லது நாளைக்கு மைத்துனனாகப் போகிறவனாயிருப்பான். வசைக்கு ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு தெய்வமும் இருந்தன. மறுநாள் இரண்டு சேரியும் ஒரே வயலில் இறங்க வேண்டியிருந்தது. இணையத்து வசைக்கோ மறுநாள் என்பதே இல்லை.

நம்மவர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்து ஐந்து முறை உலகப் பட்டம் சூடிய விசுவநாதன் ஆனந்த், 2021ஆம் ஆண்டு ஆனி 13ஆம் திகதி, கொரோனா நிவாரணத்துக்கு நிதி சேர்ப்பதற்காக இணையத்தில் பிரமுகர்கள் சிலரோடு ஆடினார். அவர்களுள் நிகில் காமத் என்ற இளம் கோடீசுவரர் ஆனந்தை வென்றுவிட்டார். உலகம் வியந்தது, பின்னர் ஐயுற்றது. மறுநாள் காமத் தாமே உண்மையைச் சொன்னார். ஆட்டத்தை ஆராய்ந்தோரின் உதவியும் கணினியின் உதவியும் தமக்கு இருந்தன என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தருமத்துக்காக நடந்த ஆட்டத்தில், அதுவும் ஆனந்தின் எதிரே! ஆனந்த் கோபித்து எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ, தாம் பலகையில் இருந்த நிலையைப் பார்த்தே ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஒரே வரியில் எழுதி நிறுத்திக்கொண்டார். காமத்தின் கணக்கை மூடிய தளம், ஆனந்த் விடயத்தை மேற்கொண்டு கிளற விரும்பாமையால், அதை மீண்டும் திறந்துவிட்டது. இந்தச் செய்தியை நான் என் வகுப்பிலே மாணவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சற்று உணர்ச்சியோடுதான் சொன்னேன். பிறகு நடந்ததை நினைக்கும்போது அந்த வகுப்பு என்னைக் குத்துகிறது.

என் மகளுக்கு ஆனந்தைவிட வைசாலிமேலேயே அபிமானம். சென்னைப் பெண், தம்பி பிரக்ஞானந்தாவோடு சேர்த்து, உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்காள்–தம்பி அவர்கள். 2025 தை மாதம் நெதர்லாந்தின் வைக் ஆன் சீ என்னும் கடற்கரை ஊரில் நடந்த போட்டியில், வைசாலி ஆட்டத்துக்கு முன் கை நீட்ட, எதிராளியான உஸ்பெக்கிஸ்தான் வீரர் யாக்குபோயெவ் அதைப் பற்றாமலே அமர்ந்துவிட்டார். அந்தக் காட்சி ஒரே நாளில் உலகெங்கும் பரவியது. இணையத்தில் அவரை வையாதவர் இல்லை. தம் மார்க்க நெறிப்படி அந்நியப் பெண்களைத் தொடுவதில்லை என்றும், நடந்தது சங்கடமாயிற்று என்றும் அவர் விளக்கினார். சில நாளில் பூவும் சொக்கலேற்றும் கொண்டுபோய் வைசாலியிடம் நேரிலே வருத்தம் தெரிவித்தார். வைசாலியும் தாம் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அவரைச் சங்கடத்திலிருந்து விடுவித்தார்.

செய்தியைப் படித்த என் கல்லூரி நண்பர் ஒருவர் வெகுவாகக் கொதித்தார். வீட்டிலோ மகள் கொதிக்கவில்லை. "காக்கா அம்மாவைக் கண்டா எப்பிடிச் செய்வார்? நெஞ்சில கைய வைச்சுத் தலையக் குனிவாரே, அப்பிடிச் செஞ்சிருக்கலாம். அந்த ஆளுக்கு அது யோசனை வரல்ல போல," என்றாள். எட்டு ஆண்டாக அவள் அன்றாடம் பார்க்கும் காட்சி அது. எங்கள் தம்பிலுவிலில் மட்டும் என்ன, ஆணும் பெண்ணும் கைகுலுக்கியா வரவேற்கிறார்கள்? கூப்பிய கை நமக்கு. நெஞ்சில் வைத்த கை அவர்களுக்கு. அதே ஊரில், அதே போட்டியில், 2008ஆம் ஆண்டு பல்கேரிய வீரர் செப்பாரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைப் பற்ற மறுத்தார். அது மார்க்கமன்று, பழைய மனஸ்தாபம். நடுவர் அவர் தோற்றதாகவே அறிவித்துவிட்டார்; மேன்முறையீட்டின் பின் இருவரும் கைகுலுக்கி மீண்டும் ஆட, ஷார்ட் வென்றார். இரண்டு தடவையும் வெறுங்காற்றில் நின்றது ஒரு கை. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் பேசி, இவ்வளவும் விளங்கிக்கொண்ட வீட்டில்தான் அது நடந்தது.

அதே 2025, மாசி மாதத்தில் ஒரு மாலை. மகளுக்கு வயது பதின்மூன்று. திண்ணையில் இருந்து பத்து நிமிட ஆட்டம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வழமையாகக் காய் வெட்டும்போது அவள் "ஹா" என்று ஒரு சத்தம் போடுவாள். வெகுநேரமாக அச்சத்தம் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். ஆட்டத்தில் அவள் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள், அதாவது, வென்றுகொண்டிருந்தாள். பக்கத்திலுள்ள உரையாடல் பெட்டியில் எதிராளி எழுதியிருந்தவற்றைப் படித்தேன். முதலில் அவளுடைய தாயைப் பற்றி ஒன்று. பிறகு கொடியைப் பார்த்துவிட்டு, கடன் கட்ட முடியாத நாட்டுக்காரிக்கு ஆட்டம் ஏன் என்று ஒன்று. மூன்றாவதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்டத்தின் தொடக்கத்தில் அவள் எழுதிய வாழ்த்து அப்படியே இருந்தது.

தொலைபேசியைப் பறித்தேன். பறித்தேன் என்பதே சரியான சொல்; தா என்று கேட்கவில்லை. அவனுடைய கொடியைப் பார்த்தேன். அந்த நாட்டிலே அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு பெருந்துயரம் எனக்குத் தெரியும். நாள்தோறும் செய்தியில் வருவது. அதை எடுத்து, நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல், மூன்று வரி எழுதினேன். அவனுடைய மக்கள் சாவதைக் கொண்டு அவனை இகழ்ந்தேன். முப்பது வருட யுத்தத்தில் வளர்ந்தவன் நான். 2004 மார்கழி 26ஆம் திகதி இந்தக் கடல் ஏறிவந்து எத்தனை வீட்டைக் கொண்டுபோனது என்று கண்டவன். அந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு நிமிடங்கூடப் பிடிக்கவில்லை. எழுதும்போது ஒருவகை இன்பம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுப்பிய பிறகு மகளைப் பார்த்தேன். அழுகை நின்றிருந்தது. எதிராளியைப் பார்த்ததுபோல என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அது என்ட பேரில போயிருக்கு," என்றாள்.

நான் அதை நினைக்கவேயில்லை. மூன்று வரிக்கும் மேலே, பச்சை எழுத்தில், அவள் ஆசையாகத் தெரிந்தெடுத்த புனைபெயர் நின்றது. அழிக்க முடியாது. எதிராளி பதில் எழுதவில்லை. உடனே ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் வென்றதாகத் தளம் அறிவித்து ஏழு புள்ளி கூட்டிக் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து மகளின் கணக்குக்கு ஓர் அறிவித்தல் வந்தது. தகாத வார்த்தைகள் எழுதியதற்காக ஒரு மாதத்துக்கு எவரோடும் உரையாட முடியாது. எதிராளியை முறையிட்டிருந்தால் போதுமாயிருந்தது. அவனைத் தடுத்துவைக்கவும், உரையாடல் பெட்டியையே மூடிவிடவும் பொத்தான்கள் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தளத்தாருக்கு நான் கடிதம் எழுதினேன்: எழுதியவன் நான், பிள்ளையல்ல என்று. கணக்கு யாருடையதோ பொறுப்பும் அவருடையதே என்று மரியாதையான பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரி. மாணவர் ஒழுக்காற்றுக் குழுவில் ஆறு ஆண்டு இருந்து இதே நியாயத்தை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

மகள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். சதுரங்கத்தை மட்டும் தொடவில்லை. தொலைபேசியிலும் இல்லை, பலகையிலும் இல்லை. வலய மட்டப் பாடசாலைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளும் கடந்துபோயிற்று. "ஏன் கொடுக்கவில்லை?" என்று தாய் கேட்டதற்கு, "சும்மாதான்," என்றாள்.

மனத்தில் வைத்திருக்க முடியாமல் ஒரு நாள் காக்காவிடம் சொன்னேன். அவர் வாசலில், பழைய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து, எல்லாம் கேட்டார். சதுரங்கமும் இணையமும் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கோபிப்பார், அல்லது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தின வயசு சேர்?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"உங்கட மகளோட ஆடின ஆளுக்கு."

"தெரியாது, காக்கா."

"ஓ," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார்.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அதுவரை அவன் என் மனத்தில் தாடி வைத்த, தடித்த, நாற்பது வயது ஆளாகவே இருந்தான். ஏன் அப்படி நினைத்தேன்? வீட்டுக்கு வந்து அவனுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வயது இல்லை; ஊர் இல்லை; படத்துக்குப் பதிலாக ஒரு பூனை. எங்கள் ஒழுங்கையில் பலகையை அறைந்த பொடியனுக்கும் வாயில் அப்படித்தான் வரும், காக்கா இல்லாத இடத்தில். என் சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பூனைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவன் எழுதியதைப் பற்றி ஒன்றும் குறிப்பிடவில்லை. நான் எழுதியதைப் பற்றி மட்டும் எழுதினேன். கடைசியாக ஐந்து நாளுக்கு முன் வந்துபோனதாக அவன் பக்கம் காட்டியது. பிறகு பார்த்தபோது ஒரு மாதத்துக்கு முன் என்று காட்டியது. பதில் வரவில்லை.

பங்குனி மாதம் நோன்பு வந்தது. வழமைபோலக் காக்காவின் வாசலில் குமிழ் எரிந்தது. மகள் எங்கள் திண்ணையில் நின்றபடி மதிலுக்கு மேலாகக் கரம் பார்ப்பாள். நான் அங்கே நின்று புத்தி சொல்வதை அவ்வாண்டு குறைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் முதலாந் திகதி நோர்வேயில் ஒரு சம்பவம் நடந்தது. உலகச் சாம்பியனான சென்னை இளைஞன் குகேஷ், மக்னஸ் கார்ல்சனை நீண்டநேர ஆட்டத்தில் முதன்முறையாக வென்றான். வெல்ல வேண்டிய ஆட்டத்தைக் கைவிட்ட ஆத்திரத்தில் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. மறுநாள் காலை மகள் தானாகவே என் மேசைக்கு வந்து அந்தக் காட்சியைக் காட்டினாள். பல வாரத்துக்குப் பின் அவளாக என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை.

"காக்காட வாசலில நடந்த மாதிரியே இருக்கு," என்றேன்.

"அது இல்ல அப்பா. பிறகு பாருங்க," என்று சற்றுப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். குத்திய கை அடங்குமுன்பே கார்ல்சன் மன்னிப்புக் கேட்கிறார். சிதறிய காய்களை அடுக்கப் பார்க்கிறார். போகும்போது குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். குகேஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. வென்றவன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து அப்பால் நடக்கிறான்.

"நானும் கேட்டேன் மகள். அந்தப் பூனைக்கு எழுதினேன்," என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்கட ஃபோனில பார்த்தேன்," என்றாள். சற்றுநேரம் நின்றாள். "எனக்கிட்டத்தான் நீங்க கேக்கல்ல."

அப்போது கேட்டேன்.

அவள் இப்போது மீண்டும் ஆடுகிறாள். உரையாடல் பெட்டியை மூடிவைத்திருக்கிறாள். அதனால் வாழ்த்து எழுத முடியாது. அதற்குப் பதிலாக, முதற்காயை நகர்த்துமுன் வலக்கையை ஒரு கணம் நெஞ்சில் வைத்து எடுக்கிறாள். எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை. தொலைபேசியில் உள்ளவருக்கு அது தெரியாதே என்று ஒரு நாள் தாய் சிரித்தாள். "தெரியாட்டி என்ன," என்றாள் மகள்.

சில நாளுக்கு முன் ஒரு மாலை மழை இடியோடு பெய்தது, மின்சாரம் போயிற்று. உள்ளறையிலிருந்து மகள் கத்தினாள்: "ஐயோ, நான் ஓடிட்டன் எண்டு அந்த ஆள் நினைக்கப் போகுது! அப்பா, உங்கட ஃபோனைத் தாங்க, கெதியா!"

என் தொலைபேசியின் இணைப்பைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். இருட்டில் அவள் முகம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. அவளுடைய கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மிஞ்சியிருந்தது.